எட்டு அங்குலமும் ஒரு தோட்டமும்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கொலம்பியா என்றொரு ஊர். ஜேம்ஸ் ரவுஸ் என்பவர் முதலில் காகிதத்தில் வரைந்து, பிறகு தரையில் எழுப்பிய ஊர். 1967இல் குடியேற்றம் தொடங்கியது. அங்கே ஒரு தம்பதியின் வீட்டு முன்புறத்தில் புல்தரை இல்லை. பல ஆண்டுகளாகப் பூச்சிமருந்து தெளிக்காமல், அந்த மண்ணுக்கே உரிய செடிகளை வளர்த்துவந்தார்கள். தேனீக்கள் வந்தன. பட்டாம்பூச்சிகள் வந்தன. 2017இல் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் வழக்கறிஞரிடமிருந்து ஒரு கடிதமும் வந்தது. செடிகளை எடுத்துவிட்டு, மற்ற வீடுகளைப் போலப் புல் போட வேண்டும் என்பது அதன் சாரம்.

அவர்கள் எடுக்கவில்லை, நீதிமன்றம் போனார்கள். வழக்குச் செலவு சுமார் 60,000 டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. 2020 டிசம்பரில் சமரசம் ஆனது: தோட்டம் பெரும்பாலும் அப்படியே இருக்கலாம், எல்லையோரங்களில் சில அடி அகலத்துக்கு மட்டும் செடிகளை எடுத்துப் புல் வைக்க வேண்டும். வழக்கு அதோடு முடிந்தது, விவகாரம் முடியவில்லை. அதே பிரச்சினையை மாநிலச் சட்டமன்றம் கையில் எடுத்தது. 2021 அக்டோபர் 1 முதல், இத்தகைய தோட்டங்களுக்கு நியாயமற்ற தடை விதிக்கும் உரிமை மேரிலாந்தில் எந்தச் சங்கத்துக்கும் கிடையாது.

பத்திரிகைகள் இதை எளியவரின் வெற்றிக் கதையாகச் சொன்னன. கதை நல்ல கதைதான். ஆனால் ஒரு தோட்டத்தைக் காப்பாற்ற 60,000 டாலர் வேண்டும் என்றால், அடுத்த தோட்டம் காப்பாற்றப்படாது. அதனால் எனக்கு அந்தத் தம்பதியின் உறுதியைவிட, பின்னால் வந்த சட்டத்தின் வாசகமே முக்கியமாகப் படுகிறது. மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சிகளுக்கு இடம் தரும் தோட்டங்களை ஒரு விதி எப்படி அனுமதிக்கிறது, எந்தச் சொற்களால் அனுமதிக்கிறது, எந்தச் சொல் தவறினால் அனுமதி காற்றில் போய்விடும் என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

முதலில் எதிர்த்தரப்பின் பரப்பளவு. நாசாவில் ஆய்வு செய்த கிறிஸ்டினா மிலேசியும் குழுவினரும் 2005இல் வெளியிட்ட கணக்கின்படி, அமெரிக்காவில் வீடு, அலுவலகம், கோல்ஃப் மைதானம் என எல்லாவற்றையும் சேர்த்துப் புல்தரை மூடியிருக்கும் நிலம், கூடக்குறைய 1,63,800 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பு 1,30,060. நம் மாநிலம் முழுவதையும் அந்தப் புல்லின் மேல் விரித்தாலும் கேரளத்தின் பெரும்பகுதிக்கு இடம் மிஞ்சும். அந்த நாட்டில் நீர்ப்பாசனத்தில் விளையும் மக்காச்சோளத்தைப் போல மூன்று மடங்கு பரப்பு இது. அறுவடை என்று ஒன்றும் கிடையாது.

இந்தப் புல்லும் அந்த ஊர்ப் புல் அல்ல. கென்டக்கி நீலப்புல் என்று பெயர் பெற்றது ஐரோப்பாவிலிருந்து வந்தது. தென்மாநிலங்களில் வீட்டு முற்றங்களை மூடியிருக்கும் பெர்முடா புல், நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகம்புல்லேதான்; தாவரவியல் பெயரும் ஒன்றே. புல் காற்றால் மகரந்தச் சேர்க்கை பெறுவது, தேன் சுரக்காது. வாரம் தவறாமல் வெட்டப்படும் புல்லோ பூக்கவே போவதில்லை. ஒரு தேனீயின் கண்ணில் அந்த 1,63,800 சதுர கிலோமீட்டரும் ஏறக்குறையப் பொட்டல்.

புல்தரை இப்படி அசைக்க முடியாத வழக்கமாக ஆனது அண்மைக் காலத்தில்தான். இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் நெசவாலைகளுக்கு எந்திரம் செய்துவந்த எட்வின் பட்டிங், கம்பளித் துணியின் மேற்பிசிறைச் சீவும் எந்திரத்தைப் பார்த்துப் புல் வெட்டும் எந்திரத்தைச் செய்து 1830இல் காப்புரிமை பெற்றார். அதுவரை அரிவாளாலும் ஆடுகளாலும் பிரபுக்களின் மாளிகைகளில் மட்டும் சாத்தியமாக இருந்த ஒன்று நடுத்தர வர்க்கத்துக்கும் வாய்த்தது. 1869இல் ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட் சிகாகோவுக்கு அருகே ரிவர்சைடு என்ற புறநகரை வடிவமைத்தபோது, ஒவ்வொரு வீடும் சாலையிலிருந்து 30 அடி உள்வாங்கி இருக்க வேண்டும் என்றார். அந்த 30 அடிதான் பிறகு எல்லோருக்கும் முன்புறப் புல்வெளி ஆயிற்று. 1870இல் ஃபிராங்க் ஸ்காட் என்ற தோட்டக்கலை எழுத்தாளர், தன் தோட்டத்தை வேலி போட்டு அயலார் கண்ணிலிருந்து மறைப்பது கிறித்தவப் பண்புக்கே பொருந்தாதது என்ற அளவுக்குப் போனார். புல் வெட்டுவது ஒழுக்கத்தின் அடையாளமாக மாறியது இங்கிருந்துதான்.

ஒழுக்கம் ஒப்பந்தமாக மாறியது 1947க்குப் பிறகு. நியூயார்க் அருகே லெவிட் குடும்பம் 17,000க்கும் மேற்பட்ட வீடுகளை வரிசையாகக் கட்டிய லெவிட்டவுனில், கோடையில் வாரம் ஒரு முறை புல் வெட்ட வேண்டும் என்பது பத்திர நிபந்தனை. அதே சமயத்தில் 2,4-டி என்ற களைக்கொல்லி சந்தைக்கு வந்தது. அதுவரை புல்விதைப் பொட்டலங்களிலேயே குளோவர் எனப்படும் தீவனச் செடியின் விதையையும் கலந்து விற்றார்கள். அது காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும், தேனீக்களுக்கும் பிடித்தது. புதிய மருந்து அகன்ற இலைச் செடிகளையெல்லாம் கொன்றது, குளோவரையும் சேர்த்து. மருந்தை மாற்றுவதற்குப் பதில் பெயரை மாற்றினார்கள். குளோவர் களை ஆனது.

தமிழில் 'களை' என்ற சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. வயலில் பிடுங்கப்படுவதும் களை, முகத்தில் தெரியும் பொலிவும் களை. அமெரிக்க நகராட்சி விதிகளுக்கு முதல் பொருள் மட்டும்தான் தெரியும். அதையும் தாவரவியலால் அறியாமல் அடிக்கோலால் அறிகின்றன. புல்லோ களையோ 8 அங்குலத்துக்கு மேல் வளரக் கூடாது என்பது ஓர் ஊரின் விதி. பக்கத்து ஊரில் 10, இன்னோர் ஊரில் 12. மீறினால் எச்சரிக்கை, பிறகு அபராதம், பிறகு நகராட்சி ஆளே வந்து வெட்டிவிட்டுக் கூலியை வரியோடு சேர்த்துவிடுவார். ஃபுளோரிடாவின் டனீடின் நகரில், வெளியூர் போயிருந்த ஒருவரின் புல் வளர்ந்ததற்கு நாளுக்கு 500 டாலர் வீதம் ஏறி, அபராதம் 30,000 டாலரை நெருங்கியது. அது பூச்சிகளுக்கான தோட்டம் அல்ல, வெறும் வெட்டாத புல். விதியின் பல் எவ்வளவு நீளம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த விதிகளுக்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லா ஊரிலும் ஒன்றே: எலி வரும், கொசு பெருகும், தீப்பிடிக்கும், தும்மல் வரும், வீட்டு விலை இறங்கும். எலி வருவது குப்பைத்தொட்டிக்கும் சிந்திய தானியத்துக்கும். கொசு முட்டையிடுவது தேங்கிய நீரில். தும்மல் விஷயம் கொஞ்சம் நின்று பார்க்கத் தக்கது. வட அமெரிக்காவில் கோடை முடிவில் கோல்டன்ராட் என்ற செடி மஞ்சள் மஞ்சளாகப் பூக்கும். அதே வாரங்களில் ராக்வீட் என்ற செடி யார் கண்ணிலும் படாத பச்சைப் பூக்களைப் பூக்கும். ஒவ்வாமையைக் கிளப்புவது ராக்வீட். அதன் மகரந்தம் நுண்ணியது, காற்றில் மைல்கணக்கில் பறக்கும். கோல்டன்ராட்டின் மகரந்தமோ கனமானது, பிசுபிசுப்பானது, பூச்சியின் காலில் ஒட்டிக்கொண்டுதான் போகும். பழி மட்டும் கண்ணில் படுகிற மஞ்சளுக்கு. பூச்சிகளை நம்பிப் பூக்கும் செடிகள் பொதுவாக நம் மூக்கைத் தொந்தரவு செய்வதில்லை என்பதை நகராட்சி உறுப்பினர்களுக்குப் புரியவைப்பதிலேயே இத்தகைய தோட்டங்களுக்கான இயக்கத்தின் பாதிச் சக்தி செலவாகியிருக்கிறது. வீட்டு விலை பற்றிய அச்சம் மட்டும் இவற்றில் வேறு ரகம். அதை மறுக்கத் தாவரவியல் போதாது. பிறகு அதற்கு வருகிறேன்.

விஸ்கான்சின் மாநிலம்தான் இந்தச் சண்டையின் பழைய களம். மில்வாக்கி அருகே பேசைடு என்ற ஊரில் வாழ்ந்த லாரி ஆட்டோ, தன் முற்றத்தில் புல்லை எடுத்துவிட்டுப் பெரணிகளையும் காட்டுப்பூக்களையும் வளர்த்தார். ஊர் நிர்வாகம் ஆளனுப்பி வெட்டியது. அவர் எதிர்த்து நின்றார், ஜெயித்தார். டிடிடி மருந்துக்கு எதிராக அந்த மாநிலத்தில் நடந்த போராட்டத்திலும் முன்வரிசையில் நின்றவர் இவர். விஸ்கான்சின் 1970இலேயே டிடிடியைத் தடை செய்தது. அவரது பேச்சுகளின் உந்துதலால் 1979இல் வைல்டு ஒன்ஸ் என்ற அமைப்பு பிறந்து, நாடெங்கும் கிளை விட்டது. 2010இல் அவர் மறைந்தார். அதே மாநிலத்தின் நியூ பெர்லின் நகரில், ஒரு வனவிலங்கு உயிரியலாளர் தன் நிலத்தை இயற்கைப் புல்வெளியாக விட்டதற்காக நகராட்சி வழக்குத் தொடுத்தது. 1976இல் வாக்கிஷா மாவட்ட நீதிமன்றம் நகராட்சிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நிபுணர் சாட்சியத்தின் முன் எலியும் தீயும் ஒவ்வாமையும் காரணமாக நிற்கவில்லை. அந்த விதி சமத்துவப் பாதுகாப்பை மீறுகிறது என்றது நீதிமன்றம்.

இருபது ஆண்டு கழித்து டொராண்டோவில் இன்னும் துணிச்சலான வாதம் எழுந்தது. காட்டுத் தோட்டம் வைத்ததற்காக 50 டாலர் அபராதம் விதிக்கப்பட்ட ஒரு பெண், என் தோட்டம் என் கருத்து என்று வாதிட்டார். 'பெல் எதிர் டொராண்டோ' என்ற அந்த வழக்கில் 1996இல் நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்தது: இயற்கையைப் பற்றிய ஒருவரின் நம்பிக்கை அவர் தோட்டத்தின் வழி வெளிப்படுகிறது, நகராட்சி விதி அந்தக் கருத்துச் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்துகிறது. படிக்க இனிமையான தீர்ப்பு. ஆனால் இதே வாதத்தை 2015இல் சிகாகோவில் ஒரு நிறுவனம் வைத்தபோது கதை வேறாக முடிந்தது. சராசரியாக 10 அங்குலம் தாண்டிய களைக்கு அங்கே நாளொன்றுக்கு 600 முதல் 1,200 டாலர் வரை அபராதம். மேல்முறையீட்டை விசாரித்த அமர்வின் சார்பில் நீதிபதி ரிச்சர்டு போஸ்னர் தீர்ப்பெழுதினார்; எல்லாக் களைக்கும் கருத்துரிமைக் கவசம் உண்டு என்பதை அவர் ஏற்கவே இல்லை. அந்த நிறுவனம் எதையும் நட்டு வளர்க்கவில்லை. தானாக முளைத்ததை விட்டுவைத்ததில் கருத்து என்ன இருக்கிறது?

போஸ்னரிடம் எனக்கு உடன்பாடுதான். கருத்துரிமை பெரிய கதவு; அதைத் தோட்டத்துக்காகத் திறந்தால் பராமரிக்கப்படாத காலி மனையின் சொந்தக்காரரும் உள்ளே நுழைந்துவிடுவார். நீதிமன்றங்கள் ஒரு தோட்டத்தைக் காப்பாற்றலாம். ஓர் ஊரின் தோட்டங்களைக் காப்பாற்ற எழுதப்பட்ட விதிதான் வேண்டும்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. பல இயக்கங்கள் தடுக்கி விழுவது இதில்தான். ஒரு வீட்டு முற்றத்தை இரண்டு அதிகாரங்கள் ஆள்கின்றன. ஒன்று நகராட்சி விதி. அது அரசின் ஆணை, அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்டது. மற்றது வீட்டு உரிமையாளர் சங்கத்தின் நிபந்தனை; அது வீடு வாங்கும்போது கையெழுத்திட்ட தனியார் ஒப்பந்தம். அமெரிக்காவில் இத்தகைய சங்கங்கள் 3,60,000க்கும் மேல். அவற்றுக்குள் வாழ்வோர் 7 கோடிக்கும் மேல். நகராட்சியோடு போராடி விதியை மாற்றிவிட்டு வீடு திரும்பினால், சங்கத்தின் கடிதம் கதவில் காத்திருக்கும். நியூ பெர்லின் தீர்ப்பும் பெல் தீர்ப்பும் அங்கே உதவாது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான்.

ஒப்பந்தத்தில் அரசு தலையிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்வி. பதில் வரலாற்றில் இருக்கிறது. வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் லெவிட்டவுன் பத்திரங்களில் புல் வெட்டும் நிபந்தனையின் கூடவே இருந்தது. அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல் 'ஷெல்லி எதிர் கிரேமர்' வழக்கில் தீர்த்தது. இனவெறியையும் புல்லையும் ஒரே தராசில் வைக்கவில்லை. தனியார் நிபந்தனைக்கு எல்லை உண்டு என்பதை மட்டும் சொல்கிறேன். சிறிய விஷயங்களிலும் அப்படித்தான். கூரையில் டிஷ் ஆன்டெனா வைப்பதைச் சங்கங்கள் தடுக்கக் கூடாது என்று 1996இல் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் விதி செய்தது. தொலைக்காட்சிக்குக் கிடைத்த அந்தச் சலுகைதான் கால் நூற்றாண்டுக்குப் பின் பூச்செடிகளுக்குக் கேட்கப்பட்டது. தண்ணீர்ப் பஞ்சம் சில மாநிலங்களை முன்பே அசைத்துவிட்டிருந்தது: ஃபுளோரிடா 2009இலும், டெக்சாஸ் 2013இலும் நீர் குறைவாகக் குடிக்கும் தோட்டங்களைச் சங்கங்கள் தடை செய்வதற்குக் கடிவாளம் போட்டன. நெவாடாவோ 2021இல் ஒரு படி தாண்டி, கொலராடோ ஆற்று நீரைக் குடிக்கும் அலங்காரப் புல்லை வணிக வளாகங்களிலும் சாலையோரங்களிலும் 2026 முடிவுக்குப் பின் வைத்திருக்கவே கூடாது என்றது. தேனீக்காகச் சட்டமன்றங்கள் அசைவதற்கு முன் தண்ணீருக்காக அசைந்தன. வழக்காடுபவர்கள் நினைவில் வைக்க வேண்டிய வரிசை இது.

சரி, புல்லுக்குப் பதில் செடி வைத்தால் பூச்சிகளுக்கு உண்மையிலேயே பயன் உண்டா? வட அமெரிக்காவில் சுமார் 4,000 வகைத் தேனீக்கள் இயல்பாக வாழ்கின்றன. கூட்டில் தேன் சேர்க்கும் தேனீ அவற்றில் ஒன்று அல்ல; அது 17ஆம் நூற்றாண்டில் குடியேறிகள் கப்பலில் கொண்டுவந்தது. உள்ளூர்த் தேனீக்களில் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. ஏறக்குறைய பத்தில் ஏழு வகை மண்ணுக்குள் வளை தோண்டி முட்டையிடும். அவற்றுக்குப் பூவும் வேண்டும், மிதிபடாத, மருந்து படாத மண்ணும் வேண்டும். பறவைகளின் கணக்கு இன்னும் கூர்மையானது. வாஷிங்டன் நகரைச் சுற்றிய வீட்டுத் தோட்டங்களில் தேசிரே நராங்கோ, டக் டாலமி, பீட்டர் மாரா மூவரும் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, கரோலினா சிக்கடி என்ற சிறு குருவியைப் பின்தொடர்ந்தது. உள்ளூர்த் தாவரங்கள் 70 சதவீதத்துக்குக் குறைந்த தோட்டங்களில் அந்தக் குருவியின் எண்ணிக்கை தாக்குப்பிடிக்கவில்லை. குஞ்சுகளுக்கு வேண்டிய அளவு புழுக்கள் அயல்நாட்டு மரங்களில் கிடைப்பதில்லை.

ஆனால் நல்ல நோக்கத்துக்கு ஆதாரம் தேடும்போது கை வழுக்குவதும் நடக்கிறது. விஸ்கான்சினின் ஆப்பிள்டன் நகரம் 2020இல் மே மாதம் முழுக்கப் புல் வெட்ட வேண்டாம் என்ற திட்டத்தை அறிவித்தது. பிரிட்டனில் பிளான்ட்லைஃப் அமைப்பு தொடங்கிய வழக்கம் அது. 435 வீடுகள் சேர்ந்தன. வெட்டாத முற்றங்களில் தேனீக்கள் ஐந்து மடங்கு, வகைகள் மூன்று மடங்கு என்று ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. செய்தி காட்டுத்தீயாகப் பரவி, பல நகரங்கள் அதே திட்டத்தை எடுத்துக்கொண்டன. 2022இல், தரவுகளைக் கையாண்டதில் முரண்பாடுகள் இருப்பதாகச் சொல்லி அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. திட்டங்கள் திரும்பப் பெறப்படவில்லை. வெட்டாமல் விட்டதால் முளைப்பது பெரும்பாலும் டான்டெலியன். அதன் மகரந்தம் தேனீக்களுக்கு அரைவயிற்று உணவு, தேவையான சில அமினோ அமிலங்கள் அதில் போதாது. ஜூன் 1ஆம் தேதி எந்திரம் வந்து எல்லாவற்றையும் மழித்துவிட்டால், மே மாதத்தில் வந்து சேர்ந்த தேனீ எங்கே போகும்?

இதைவிட நிதானமான சான்று மாசசூசெட்சின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்து வந்தது. சூசன்னா லெர்மனும் சக ஆய்வாளர்களும் 16 வீட்டு முற்றங்களை எடுத்துக்கொண்டு, சிலவற்றை வாரம் ஒரு முறையும், சிலவற்றை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், சிலவற்றை மூன்று வாரத்துக்கு ஒரு முறையும் வெட்டினார்கள். 2018இல் வெளியான முடிவு: தேனீக்கள் மிகுதியாக வந்தது இரண்டு வார முற்றங்களில். மூன்று வார முற்றங்களில் பூக்கள் மிக அதிகம், ஆனால் புல் உயர்ந்து பூக்களை மறைத்துவிட்டதால் தேனீக்கள் எட்டவில்லை போலும். பதினாறே முற்றங்களில் 93 வகைத் தேனீக்கள்! சோம்பலுக்குக் கிடைத்த அறிவியல் சான்றிதழ் என்று இதை வேடிக்கையாகச் சொல்லலாம். எனக்கோ, வெட்டுவதா விடுவதா என்ற இருமுனைச் சண்டைக்கு நடுவில் ஓர் இடம் இருப்பதை இது காட்டுவதாகப் படுகிறது.

வீட்டு விலை பற்றிய அச்சத்துக்கு வருகிறேன் என்றேன். அது உண்மையில் அயலார் கண்ணைப் பற்றிய அச்சம். பெரும்பாலான ஊர்களில் ஆய்வாளர் தானாக வருவதில்லை. யாராவது புகார் செய்தால் வருவார். அதனால் சட்டத்தின் முதல் வாசகர் நீதிபதி அல்ல, பக்கத்து வீட்டுக்காரர். ஜோன் நசாவர் என்ற ஆய்வாளர் 1995இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைத் தொட்டது. கலைந்து கிடப்பதுபோல் தோன்றும் இயற்கைக்கு ஒழுங்கான சட்டகம் வேண்டும் என்பது அவர் வாதம். செடிக்கூட்டத்தைச் சுற்றி வெட்டிய புல்லால் ஒரு கரை, நடைபாதையில் சாயாதபடி முன்வரிசையில் குட்டைச் செடி, ஒரு சிறு வேலி, ஒரு பெயர்ப்பலகை. இவை தேனீக்கு ஒன்றும் தருவதில்லை. பார்ப்பவருக்கு, இங்கே ஓர் ஆள் இருக்கிறார், இது கவனிப்பாரற்றுப் போனதல்ல என்று சொல்லிவிடுகின்றன. வாசலில் ஒரு கோலம் விழுந்திருந்தால் உள்ளே ஆள் இருப்பதை நாம் அறிவதுபோல.

முதல் தலைமுறை விதிமாற்றங்கள் இதைத் தவறான வழியில் புரிந்துகொண்டன. உயர வரம்பை அப்படியே வைத்துக்கொண்டு விதிவிலக்கு மட்டும் கொடுத்தன: விண்ணப்பம் போடு, வரைபடம் கொடு, அக்கம்பக்கத்தாரின் சம்மதம் வாங்கு. விஸ்கான்சினின் மேடிசன் நகரம் 1970களின் இறுதியில் இந்த வழியில் முன்னோடி. அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம்தான். ஆனால் புல் வைக்க யாரிடமும் கேட்க வேண்டாம், பூ வைக்க எல்லோரிடமும் கேட்க வேண்டும் என்றால், எது இயல்பு எது விலக்கு என்பதை விதி முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது.

மின்னசோட்டா 2023இல் செய்த சட்டம் இந்த இடத்தில்தான் திரும்பியது. அந்த மாநில நகரங்கள் 'பராமரிக்கப்படும் இயற்கை நிலத்தோற்றத்தை' அனுமதித்தே ஆக வேண்டும். அதன் வரையறை கவனமாக எழுதப்பட்டது: திட்டமிட்டு, வேண்டுமென்றே நட்டு, பராமரிக்கப்படுவது. உள்ளூர்ச் செடியாகவும் இருக்கலாம், வெளியூர்ச் செடியாகவும் இருக்கலாம். 8 அங்குலத்தைத் தாண்டலாம், விதை கட்டி நிற்கலாம் என்று சட்டமே சொல்கிறது. அந்த வரையறையில்தான் சூட்சுமமும் இருக்கிறது. தானாக இயற்கைக்குத் திரும்பட்டும் என்று கவனிக்காமல் விடப்பட்ட புல்தரை இதில் சேராது. போஸ்னர் கேட்ட கேள்விக்கு இந்த வரி பதில் வைத்திருக்கிறது. அடிக்கோலைத் தூர வைத்துவிட்டு, இங்கே நோக்கம் இருக்கிறதா, கவனிப்பு இருக்கிறதா என்று கேட்கிறது. அந்த மாநிலம் 2019இலேயே முற்றத்தில் பூச்செடி வைக்க வீட்டுக்காரர்களுக்குச் சில நூறு டாலர் மானியம் தரத் தொடங்கியிருந்தது. அதே ஆண்டில் துருநிறத் திட்டுள்ள பம்பிள் தேனீயை மாநிலத் தேனீயாகவும் அறிவித்தது. அருகிவரும் இனம் என்று 2017இல் மத்திய அரசின் பட்டியலில் ஏறிய தேனீ அது. ஒரு கையால் பணம் கொடுத்து நடச் சொல்லிவிட்டு மறு கையால் அபராதம் வாங்குவது சரியாகாது என்பதும் சட்டத்துக்கு ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

மேரிலாந்துச் சட்டம் மறுபக்கத்தை அடைத்தது. மழைநீர்த் தோட்டம், மகரந்தப் பூச்சிகளுக்கான தோட்டம், வறட்சி தாங்கும் தோட்டம் ஆகியவற்றுக்குச் சங்கங்கள் நியாயமற்ற வரம்பு விதிக்கக் கூடாது. எது நியாயமற்றது? செலவைக் கணிசமாக ஏற்றுவது. புல்லை வைத்தே ஆக வேண்டும் என்பது. அதே மூச்சில், உரிமையாளர் தோட்டத்தைத் தொடர்ந்து பராமரிக்க வேண்டும் என்றும், அழகு பற்றிய நியாயமான நெறிகளைச் சங்கம் வகுக்கலாம் என்றும் சொல்கிறது. இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்தால் ஓட்டை தெரியும். மின்னசோட்டாவின் சட்டம் நகரங்களைத்தான் கட்டும், சங்கங்களைக் கட்டாது. மேரிலாந்தின் பிரிவோ சங்கங்களுக்கானது, நகராட்சிக் களை விதியைத் தொடாது. ஒரு மாநிலத்துக்கு இரண்டுமே வேண்டும். இல்லினாய் 2024இல் உள்ளூர்த் தாவரங்களுக்கென்று தனிச் சட்டம் செய்து சங்கங்களைத் தொட்டது. சிகாகோவைத் தன்னுள் வைத்திருக்கும் மாநிலம் என்பதால் அது கவனிக்கத் தக்கது.

எல்லா விதியிலும் மாறாமல் இருக்க வேண்டிய ஒரு விலக்கு, கேடு செய்யும் களைகளின் பட்டியல். பார்த்தீனியத்தோடு மல்லுக்கட்டிய நமக்கு அதை விளக்க வேண்டாம். ஆனால் பட்டியலை யார் எழுதுகிறார்கள், எப்போது எழுதினார்கள் என்று பார்க்க வேண்டும். மோனார்க் பட்டாம்பூச்சியின் புழு தின்பது மில்க்வீட் இலைகளை மட்டுமே. நம் எருக்கு அந்தச் செடியின் உறவு. எருக்கிலையில் முட்டையிடும் வெந்தய வரியன் மோனார்க்கின் அதே பேரினம். கால்நடைக்கு நஞ்சு என்று மில்க்வீட்டைப் பல இடங்களில் களைப் பட்டியலில் வைத்திருந்தார்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2014இல்தான் அதை நீக்கியது. அதே திருத்தத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு கொடியைச் சேர்த்தது. மில்க்வீட் குடும்பத்தைச் சேர்ந்ததால் மோனார்க் ஏமாந்து அதில் முட்டையிடும், பொரிக்கும் புழுக்கள் செத்துப்போகும். ஒரு செடி வெளியே, ஒரு செடி உள்ளே. களைப் பட்டியல் திருத்தம் இப்படி இருக்க வேண்டும். 2024 டிசம்பரில் மோனார்க்கை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவிக்க அமெரிக்க அரசு முன்மொழிந்தது.

அமெரிக்காவில் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் பலவும் இத்தகைய சங்கங்களுக்குள்தான் இருக்கின்றன. பத்திரத்தின் பின்னிணைப்பைப் படித்தவர்கள் குறைவு. முற்றத்தில் மண்வெட்டி வைப்பதற்கு முன் அதைப் படியுங்கள். நகராட்சியின் களை விதியையும் தனியே எடுத்துப் பாருங்கள். நட்ட செடிகளின் பெயர்ப் பட்டியலையும், பருவந்தோறும் எடுத்த படங்களையும் வைத்திருங்கள். நடைபாதையோரம் மூன்றடிக்குப் புல்லை ஒட்ட வெட்டிவிடுங்கள். கடிதம் வந்தால் தொலைபேசியில் கோபப்படாமல், உங்கள் மாநிலச் சட்டத்தின் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் பதில் போடுங்கள். மேரிலாந்தில் அது நிலச்சொத்துச் சட்டம், பிரிவு 2-125. மின்னசோட்டாவில் 412.925.